வாய் வழியாகப் போனதெல்லாம்

அன்று சத்துணவுக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள். நான், சமையல் ஆள். எனக்கு ஒத்தாசையாக இருந்த ஆயா, என்னைவிட ஆறு வயது இளையவள். சாமான் இருப்பு எழுதும் அமைப்பாளர் அம்மா. உப்புப் பார்க்க வந்திருந்த தலைமையாசிரியர். கடைசியாக ஊர்ப் பஞ்சாயத்து உறுப்பினர். அவர் உள்ளே வரவில்லை. வாசல் கம்பத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். உறுப்பினர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புள்ளைங்க எல்லாம் குச்சியாட்டம் இருக்குதுங்க. சோறாக்குறவ மட்டும் நெல்லுக் குதிராட்டம் இருக்கா. எங்கயோ இடிக்குதே சார்" என்றார் தலைமையாசிரியரிடம்.

தலைமையாசிரியர் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். அமைப்பாளர் அம்மா நோட்டை மூடினார்.

"குதிரு காலியாத்தாங்க கெடக்குது. வேணும்னா தட்டிப் பாருங்க" என்றாள் ஆயா.

உறுப்பினர் அவளைப் பார்க்கவில்லை. "அவங்க வூட்ல எப்ப பாத்திருக்காங்க இம்புட்டுச் சோத்த" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் அண்டாவை நிமிர்த்தி வைத்தேன்.  

எங்கள் ஊர் விக்கிரமங்கலத்துக்குக் கிழக்கே. அப்போது திருச்சி ஜில்லா. சத்துணவு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள். என்னைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நானும் பதினைந்து வருஷம் போனேன். நடவு, களை, அறுப்பு. அப்போது ஒல்லியாக இருந்தேன். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேன். அதன் பிறகு உடம்பு போட்டது. ஆபரேஷனால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். சமையல் வேலை கிடைத்ததும் அதே வருஷம்தான். அதை யாரும் சொல்லவில்லை.

அந்த வேலைக்கு மூன்று பேர் எழுதிப் போட்டோம். அதில் ஒருத்தி உறுப்பினரின் மருமகள். வேலை எனக்கு வந்தது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர். லாரி வந்தால் வேலை உண்டு. மழை பெய்தால் லாரி வராது. மாதா மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவது என் சம்பளம் ஒன்றுதான். அது போனால் மறுபடி களை எடுக்கப் போக வேண்டும். இந்த உடம்பை வைத்துக்கொண்டு குனிந்து களை எடுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் பாத்திரம் கழுவும்போது ஆயா சொன்னாள்.

"டீக்கடையில வச்சி சொல்லியிருக்காருக்கா. மனு எழுதப் போறாராம். புள்ளைங்க சோத்த ஆக்குறவ திங்கறான்னு. சாட்சி வேணாம், உடம்பே சாட்சின்னு சொன்னாராம்."

"எழுதட்டும்" என்றேன்.

"எழுதட்டுங்கறியே. ஆபீசர் வந்து பாத்தா என்ன தெரியும்? நீதான் தெரிவ."

அவள் சொன்னது சரி. மனு வருவதற்குள் இளைக்க வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன். அழகுக்கு இல்லை. சேலை எடுப்பாகக் கட்டவும் இல்லை. வேலைக்காக.

புதன்கிழமை பிள்ளைகளுக்கு ஊசி போட ஊர்க்கோடிச் சாவடிக்கு நர்சம்மா வருவார். கர்ப்பவதிகளை நிறுத்துப் பார்க்கிற எடை மிஷின் அவர் வைத்திருந்தார். ஏறி நின்றேன். எழுபத்தெட்டு கிலோ என்றார். அவர் நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"சோத்தக் கொறைங்க. கீரை, காய் நெறைய எடுத்துக்கங்க. ஒரு வேளை சோளம், கேவுரு திங்கலாம்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் சாப்பிடுவதே இரண்டு வேளை. காலையில் ராத்திரி மிஞ்சிய பழையது. சாயந்திரத்துக்கு மேல் ஒரு தட்டுச் சோறு. மத்தியானம் எனக்குச் சாப்பாடு கிடையாது. இதில் எதைக் குறைப்பது? இன்னொன்றும் இருந்தது. சின்ன வயதில் சோளக்கூழ் குடித்தே வளர்ந்தேன். அரிசிச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். யாராவது பெரியவர் செத்தால் பதினாறாம் நாள். வீட்டில் தினமும் அரிசி உலை வைக்க முப்பது வருஷம் ஆனது. மறுபடி கூழுக்குப் போ என்றால் மனசு ஒப்பவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நர்சம்மா சோத்தக் கொறைக்கச் சொல்றாங்க."

"கொறைக்கறதுக்கா இத்தன வருஷம் லோடு தூக்குறேன்?" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். பிறகு படுத்துவிட்டார்.

அந்த வாரம் ரேஷன் கார்டு வேலையாக அரியலூர் போனேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஊளைச்சதை கரைய மூலிகை மாத்திரை. பத்தியம் இல்லை. பட்டினி இல்லை. வழக்கம்போல் சாப்பிடலாம். பரம்பரை வைத்தியர் மாதம் ஒரு நாள் பெரம்பலூர் லாட்ஜில் தங்குவார், தேதி இன்னது, அறை எண் இன்னது. எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். வழக்கம்போல் சாப்பிடலாம் என்ற இடத்தில் நின்று மறுபடி படித்தேன். நர்சம்மா சொன்ன வழிக்கு நான் சோற்றை விட வேண்டும். இந்த வழிக்கு மாத்திரையை விழுங்கினால் போதும். அன்று எனக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தத் தேதி சனிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் லீவு. டவுன் பஸ்ஸில் அரியலூர் போய், வேறு பஸ் மாறி பெரம்பலூர் போனேன். லாட்ஜ் மாடியில் நடைபாதை முழுக்க ஆட்கள். மூட்டு வலி, மூலம், பிள்ளையில்லாதவர்கள், தலைமுடி கொட்டியவர்கள். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் ஒரு செட்டியாரம்மா என்னைவிடப் பெரிய உடம்பு.

"மூணாவது மாசமா வரேன்" என்றார்.

"எளைச்சிருக்குங்களா?"

"நீயே பாரேன்" என்றார்.  "முன்னாடி நான் பாக்கலீங்களே" என்றேன்.

வைத்தியர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டையில்லை. முன்னால் டப்பாக்கள். நாடி பிடித்தார்.

"எத்தனை வேளை சோறு?"

"ரெண்டு வேளைங்க."

"நடுவுல?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பலகாரம், கறி?"

"வாய்ப்பில்லீங்க."

அவர் என் கையை விட்டார். "அப்ப இது சாப்பாட்டால வந்த உடம்பு இல்ல. வாய்வு. நீர். வெளியேத்தணும்" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் தின்று கொழுக்கவில்லை என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

கறுப்பு மாத்திரை. சுண்டைக்காய் அளவு. கடுக்காய் வாசனையும் வேறு ஏதோ வாடையும். காலையில் மூன்று, மத்தியானம் மூன்று. வெந்நீரில் விழுங்க வேண்டும். ஒரு மாதத்துக்குக் கொடுத்தார். என் சம்பளத்தில் பாதி போனது.

காலை மாத்திரை வீட்டில். மத்தியான மாத்திரை கொட்டகையில். மூன்று கல் அடுப்பும் சோற்றுக்கும் குழம்புக்கும் சரியாக இருக்கும். வெந்நீர் என்று தனியாக வைக்க அடுப்பும் இல்லை, விறகும் இல்லை. வடித்த கஞ்சி சுடச்சுட இருந்தது. அதில் ஒரு சொம்பு மோந்து, உப்புப் போட்டு, அதோடு விழுங்கினேன். வெந்நீருக்கு அது மேல் என்று நினைத்தேன்.

நான்காம் நாளிலிருந்து வயிறு போக ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடை. கருவேல முள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. ஆயா எண்ணிக்கொண்டிருந்தாள்.

"போறது வாய்வாக்கா, உசுராக்கா?"

"சும்மா இரு."

"இல்ல, ஓடையில தண்ணி ஓடி நாளாச்சி. இப்பத்தான் ஓடுது."

சிரிக்கத் தெம்பில்லை. அடுப்படியில் நின்றால் கண் இருட்டியது. ஆனால் மாதக் கடைசியில் நர்சம்மா மிஷினில் எழுபத்தைந்து காட்டியது. மூன்று கிலோ. வைத்தியர் மேல் நம்பிக்கை வந்தது. மறுபடி பெரம்பலூர் போய் இன்னொரு மாதத்துக்கு வாங்கி வந்தேன்.

அந்த மாதத்தில் ஒரு நாள் உலை கொதிக்கும்போது வயிறு கலக்கியது. ஆயா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அமைப்பாளர் அம்மா யூனியன் ஆபீசுக்குப் போயிருந்தார். நான் ஓடைக்கு ஓடினேன். எழுந்திருக்க முடியவில்லை. முள்ளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது சோறு தீய்ந்த வாசனை வாசலுக்கே வந்துவிட்டது. மேல் சோற்றை வேறு பாத்திரத்தில் மாற்றி, வெங்காயத்தை நறுக்கி நடுவில் வைத்து மூடினேன். அப்படியும் கருகல் வாடை போகவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டன. இரண்டு பேர் மூக்கைச் சுளித்தார்கள். பசி இருந்தால் வாடை தெரியாது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

அண்டாவின் அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பிடித்திருந்தது. வெளியே கொட்டினால் நாய் கூடும். யாராவது பார்த்தால் கேட்பார்கள். நானும் ஆயாவும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, கரி போன பாகத்தை ஒதுக்கிவிட்டு மீதியைத் தின்று தீர்த்தோம்.

"மாத்திரையால தீஞ்சத மாத்திரை திங்கறவளே திங்கணும். எனக்கு எதுக்குக்கா தலையெழுத்து?" என்றாள் ஆயா. ஆனாலும் என்னோடு தின்றாள்.

இரண்டாம் மாதக் கடைசியில் மிஷினில் எழுபத்தாறு. மூன்றாம் மாதம் பெரம்பலூர் போகவில்லை. போக வலுவில்லை. மாத்திரை நின்ற பிறகு வயிறு நின்றது. நன்றாகப் பசித்தது. அடுத்த தடவை ஏறி நின்றபோது எழுபத்தொன்பது.

நர்சம்மா நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஊசி போட வந்த தாய்மார்களை அனுப்பிவிட்டு, என்னை உட்காரச் சொன்னார். மாத்திரை விஷயத்தை அன்றுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"பேதி மாத்திரை. தண்ணி போனா எடை கொறையும். தண்ணி குடிச்சா திரும்ப வந்துரும். அது சதை இல்ல" என்றார். பிறகு, "காலையில எந்திரிச்சதுலேர்ந்து படுக்கற வரைக்கும் வாய் வழியா என்னென்ன போவுது? எல்லாம் சொல்லுங்க" என்றார்.

"பழையது ஒரு வேளை. ராத்திரி சோறு ஒரு வேளை."

"சாப்பாட்டக் கேக்கல. வாய் வழியாப் போறது எல்லாம்."

"அதாங்க."

"கொட்டகையில எதுவுமே வாயில போடறதில்லையா?"

"உப்புப் பாப்பேன்."

"எவ்வளவு?"

"ஒரு கரண்டி. ரெண்டு கரண்டி. சோறு ஒரு பிடி போட்டுப் பெசஞ்சி பாத்தாத்தான உப்புத் தெரியும்."

"அப்புறம்?"

"கஞ்சி."

"எத்தனை?"

"ரெண்டு சொம்பு. அது தண்ணிதானங்க. கீழ ஊத்துறதுதான்."

"மாத்திரைய எதுல முழுங்குனீங்க?"

சொன்னேன். அவர் நோட்டுப் பக்கம் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லீங்க. அண்டா தேய்க்கறப்ப அடிச்சோறு இருக்கும். அத வழிச்சி..."

"அதையும் திங்கறீங்க."

"தூக்கிப் போட மனசு வராதுங்க."

"தெனமுமா?"

"பள்ளிக்கூடம் இருக்கற நாளெல்லாம்."

நர்சம்மா என் எடைக்குக் கீழே கோடு போட்டார். "நீங்க ரெண்டு வேளை சாப்பிடல. மூணரை வேளை சாப்பிடுறீங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. தட்டில் போட்டு, உட்கார்ந்து, கை நனைத்துத் தின்றால் அது சாப்பாடு. எங்கள் வீட்டில் அப்படித்தான். நின்றுகொண்டு வழித்துத் தின்பதையும், சட்டி கழுவும்போது குடிப்பதையும் யார் எண்ணுவார்கள்? என் அம்மா எண்ணியதில்லை. நான் எண்ணியதில்லை. வைத்தியர் நடுவில் என்ன என்று கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கோபம் தணிந்தது. வேறொன்று வந்தது. உறுப்பினர் சொன்னது முழுப் பொய் இல்லை என்பது. அன்று ராத்திரிச் சோற்றைப் பாதியோடு மூடி வைத்தேன்.

மறுநாளிலிருந்து கஞ்சியை நிறுத்தினேன். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கொட்டச் சொன்னேன். ஆயா ஒரு சொம்பு எடுத்துக்கொண்டுதான் மீதியைக் கொட்டுவாள்.

"நானும் உன்னாட்டந்தான் குடிக்கறேன். எனக்கு ஒரு பிடி சதை ஒட்டல. அந்த நர்சம்மாகிட்ட இதக் கேளு" என்றாள்.

கேட்டேன். "அந்தப் பொண்ணு தெனம் எட்டு மைல் நடக்குது. ரெண்டு மாடு கறக்குது. நீங்க?" என்றார் நர்சம்மா. என் வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்தெரு.

அடிச்சோற்றை ஊற வைத்து ஆயாவின் மாட்டுக்கு அனுப்பினேன். முதல் நாள் வழித்த கையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டேன். ஆயா தட்டிவிட்டாள். கை தானாகப் போகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. உப்புப் பார்க்க நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். அது பழகிவிட்டது.

ராத்திரிக்கு ஒரு நாள் சோளக்களி, ஒரு நாள் கேழ்வரகு. முருங்கைக்கீரை எங்கும் உண்டு, அதை வதக்கினேன். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு வீட்டுக்குப் போய் ஒரு தட்டுச் சோறு, காய் அதைவிட அதிகம். உட்கார்ந்து, கை நனைத்து. அதோடு சரி. வீட்டுக்காரர் களியைப் பார்த்தார்.

"அரிசி தீந்துபோச்சா?"

"இருக்கு."

"பின்ன?"

"எனக்கு மட்டும். உங்களுக்குச் சோறு இருக்கு."

அவர் அன்று தன் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு என் களியில் ஒரு உருண்டை எடுத்துக்கொண்டார். "எங்கம்மா கிண்டுனா இதவிட நல்லாருக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை.

எதிர் வீட்டுக்காரி முறத்தில் சோளத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, மாசச் சம்பளக்காரி வூட்லயும் கூழா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சொல்லி விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

இந்த வழி மெதுவான வழி. ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மிஷினில் எழுபத்தெட்டு. நர்சம்மா சரி என்றார். நான் மாத்திரையில் மூன்று கிலோ போனதை நினைத்தேன். பானைக்குப் பின்னால் மாத்திரை இன்னும் ஒரு பிடி மீதி இருந்தது. ஒரு நாள் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஓடை ஞாபகம் வந்தது. திரும்ப வைத்துவிட்டேன். எறியவும் மனசில்லை, காசு கொடுத்தது.

இரண்டாம் மாதம் எழுபத்தாறு. பிறகு எழுபத்துமூன்று. ஒரு மாதம் அப்படியே நின்றது. பிறகு எழுபது. சோர்வுதான் மிச்சம். சதா வாயைக் கவனித்துக்கொண்டிருப்பது வேலையைவிடப் பெரிய வேலை. ஆனால் அடுப்படியில் கண் இருட்டவில்லை. அண்டாவைத் தனியாகத் தூக்க முடிந்தது. ரவிக்கை தொளதொளத்தது. வருஷம் திரும்பும்போது அறுபத்தேழு.

நான் இளைத்தது ஊருக்குத் தெரிந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். மனு எழுதினாலும் காட்ட இனி உடம்பு இல்லை.

ஆயாதான் செய்தி கொண்டுவந்தாள்.

"மனு போயிடிச்சிக்கா."

"இப்ப எதுக்கு? இப்பத்தான் எளைச்சிட்டனே."

"அதத்தான் எழுதியிருக்காரு. நான் சத்தம் போட்டப்புறம் பயந்துகிட்டு திங்கறத நிறுத்திட்டா, அதான் எளைச்சிட்டா, அப்ப முன்னாடி திங்கத்தான் செஞ்சான்னு."

நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பெருத்திருந்தபோது பெருத்ததே சாட்சி. இளைத்தால் இளைத்ததே சாட்சி. இந்த ஒரு வருஷமும் எனக்கு எதிராக நானே சாட்சி தயார் செய்திருக்கிறேன்.

அமைப்பாளர் அம்மா மெதுவாகப் பேசுகிறவர். அவரும் பயந்திருந்தார். அவர் பொறுப்பில் இருக்கிற இடம்.

"கேட்டா, இங்க ஒரு பருக்கை தொட்டதில்லன்னு சொல்லிடுங்க. மாத்திரை சாப்பிட்டேன், எளைச்சேன்னு சொல்லுங்க. பெரம்பலூர் போனது உண்மைதான? மாத்திரையக்கூட காட்டலாம்" என்றார்.

நல்ல யோசனைதான். பானைக்குப் பின்னால் மாத்திரையும் இருந்தது. அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போனேன். மூன்று நாள் முடிந்தபடியே இருந்தது.

நான்காம் நாள் ஜீப் வந்தது. யூனியன் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். கூடவே உறுப்பினர். தலைமையாசிரியர் ஸ்டூல் போட்டார். அதிகாரி உட்காரவில்லை. இருப்பு நோட்டு பார்த்தார். அரிசி மூட்டையை எண்ணினார். பருப்பு, எண்ணெய், எல்லாம் பார்த்தார். எதுவும் குறையவில்லை. குறைந்திருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும் என்பதுபோல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, முன்னாடி நல்லா பருமனா இருந்தீங்களாமே?"

"ஆமாங்க."

"எப்படி எளைச்சீங்க?"

அமைப்பாளர் அம்மா என்னைப் பார்த்தார். முந்தானை முடிச்சு என் கையில் இருந்தது. மாத்திரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று இல்லை. ஆனால் அந்த மாத்திரைக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க மனசு வரவில்லை. ஓடையில் முள்ளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது நான். ஒரு வருஷம் களி தின்றது நான்.

"வடிச்ச கஞ்சி ரெண்டு சொம்பு குடிப்பேங்க. அத நிறுத்துனேன். அண்டாவுல ஒட்டுன அடிச்சோத்த வழிச்சித் திம்பேன். அதையும் நிறுத்துனேன். உப்புப் பாக்கறேன்னு ரெண்டு பிடி திம்பேன். அதையும் நிறுத்துனேன். வூட்டுல களியும் கீரையும் திங்கறேன்."

 அடுப்பில் குழம்பு பொங்கி வந்தது, ஆயா கரண்டியால் கிளறிவிட்டாள்.

"சார், அவளே ஒத்துக்கிட்டா" என்றார் உறுப்பினர்.

"நானுந்தாங்க குடிச்சேன். இன்னமும் குடிக்கறேன்" என்றாள் ஆயா. "என்னையப் பாத்தா தெரியாது. அதான் என் பேர்ல மனு வரல."

அதிகாரி அவளைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்து போனது. பிறகு என்னிடம் கேட்டார்.

"கஞ்சிய இப்ப என்ன செய்றீங்க?"

"மரத்துக்கு ஊத்துறோங்க."

"அடிச்சோறு?"

"மாட்டுக்கு."

"புள்ளைங்களுக்கு அத வைக்கறதில்லையா?"

"கருகுனதுங்க. புள்ளைங்களுக்கு எப்படிங்க வைக்கறது?"

"எவ்வளவு இருக்கும் ஒரு நாளைக்கு?"

கையைக் குவித்துக் காட்டினேன். உறுப்பினர் அதைப் பார்த்து, அதைவிட இரண்டு பங்கு இருக்கும் என்றார். கையைக் காட்டினால் வேலைக்கு ஆகாது, எடை போட்டுப் பார்ப்போம் என்றார் அதிகாரி.

அன்று அவர் இருந்து பார்த்தார். அவர் முன்னால் அரிசி எடை போட்டு உலையில் போட்டேன். வடித்தேன். பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் அவரும் ஒரு தட்டு வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். குழம்பில் உப்புக் கொஞ்சம் குறைவு. நுனிவிரலில் பார்ப்பதால் அப்படி ஆகிவிடும். 

பிறகு அண்டாவைச் சாய்க்கச் சொன்னார். தோசைத் திருப்பியால் நான் வழித்தேன். ஆயா தராசைப் பிடித்தாள். அதிகாரி அவளைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லி, தராசை உறுப்பினர் கையில் கொடுத்தார். உறுப்பினர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, தராசை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு தட்டில் அடிச்சோறு. மறு தட்டில் கற்களை ஒவ்வொன்றாக வைத்தார்கள்.

அதிகாரி சொல்லச் சொல்லத் தலைமையாசிரியர் எழுதினார். இருப்பு சரி. சமையலர் வேலையில் தொடரலாம். இனி சமையற்கூடத்தில் எதையும் உண்ணக்கூடாது. இதுவரை உண்டதாகச் சமையலர் ஒப்புக்கொண்டது, வடிகஞ்சியும் அண்டாவில் ஒட்டிய சோறும். அந்தச் சோற்றின் எடை கீழே. அதற்கும் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போடுவதற்கு முன் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

முந்நூற்று எழுபது கிராம்.